என் மகனை மறுபடியும் லீசிங் கம்பனியிலேயே சேர்த்துவிடுங்கள், சம்மந்தி

மாம்புரி,
யூலை 9, புதன்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்மந்தி யோகராசா அவர்களுக்கு,

மாம்புரியிலிருந்து வ. பேதுரு எழுதிக்கொள்வது. இங்கு நானும் எமிலியாவும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை; ஆனால் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பொய்யை எழுதி அதற்கு முத்திரையும் ஒட்டி அனுப்புவது சரியில்லை என்பதால் உயிரோடு இருக்கிறோம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே வெள்ளவத்தையில் நீங்களும் சம்மந்தியம்மா தவமலரும் மருமகள் சுஜியும் நலமாக இருக்க எங்கள் புனித அன்னம்மாளையும் உங்கள் பிள்ளையாரையும் ஒரே நேரத்தில் மன்றாடுகிறேன். மூட்டுவலிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய எண்ணெயை ஒரு மாதம் பூசினேன். வலியும் போகவில்லை, எண்ணெயின் மணமும் போகவில்லை. மிக்க நன்றி.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது சம்மந்தி. என் முற்றத்தில் இந்த நிமிஷம் பதினேழு பேர் இருக்கிறார்கள். நான் தொலைபேசியை எடுத்து ஹலோ என்றால் பதினேழு பேரும் கதையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். போன கிழமை பல் வைத்தியருக்கு எடுத்து கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று சொன்னேன். பின்னேரமே அமைச்சரவை ஆடுகிறதாம் என்று கற்பிட்டி வரைக்கும் கதை போய்விட்டது. ஆகையால் அறைக்குள் அலுமாரிக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, மடியில் பலகை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகனும் என் மகனுமாகிய கில்பட், இந்த மாதம் பதினெட்டாம் திகதிக்கு முன்னால் அமைச்சின் செயலாளர் பதவியை விட்டுவிட்டுப் பழைய லீசிங் கம்பனிக்கே திரும்பிப் போக வேண்டும். இதை நீங்கள்தான் அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் காரணம் கேட்பான். காரணம் நான்தான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கில்பட் பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு சிலாபம் ஸ்டேசனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போனவன். கணக்கு எழுதும் கிளார்க்காகத்தான் சேர்ந்தான். பிறகு சோதனை மேல் சோதனை எழுதினான். ஒவ்வொரு சோதனை பாஸ் பண்ணும்போதும் அவன் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடும். கூடிக்கூடிக் கடைசியில் நான் அவனுக்குக் கடிதம் போட்டால் உறையில் விலாசம் எழுத இடமில்லை. முப்பத்தெட்டு வயதில் அந்த லீசிங் கம்பனிக்கே பிரதான நிதி அதிகாரி. நிதி அதிகாரி என்றால் என்ன வேலை மகன் என்று கேட்டேன். "அப்பா, கம்பனி நாளைக்கு என்ன செய்ய ஏலும், என்ன செய்ய ஏலாது எண்டு சொல்றதுதான் என்ட வேலை" என்றான். எமிலியா அதைக் கேட்டுவிட்டு, அதை வீட்டில் நான் சம்பளம் இல்லாமல் செய்கிறேனே என்றாள்.

அது பொற்காலம் சம்மந்தி. லீசிங் கம்பனி என்றால் எங்கள் பக்கத்தில், தவணை கட்டாவிட்டால் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு போகிற கம்பனி. கில்பட் அவன் கையால் ஒரு சைக்கிளைக்கூடப் பிடித்ததில்லை. அவன் பத்தாம் மாடியில் குளிர் அறைக்குள் இருந்தவன். ஆனால் ஊர் அதை நம்பவேண்டுமே! மாதக் கடைசிச் சனிக்கிழமை அவன் கார் சந்தியில் திரும்பினால் போதும், மாம்புரி ஆட்டோ எல்லாம் தென்னந்தோட்டத்துக்குள் போய்விடும். எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் வருவதில்லை. கோயிலில் எங்கள் வாங்கில் எங்களைத் தவிர ஒருத்தரும் இருப்பதில்லை. எமிலியா அழுதாள். நான், இருக்கட்டும், காற்று வருகிறது என்றேன். அவன் வருவான், கணவாய்க் கறியோடு ஒரு றாத்தல் பாணை முடிப்பான், என் சாய்மனைக் கதிரையில் படுத்தால் ஐந்து மணி வரைக்கும் நித்திரை. எழுப்ப ஒரு ஆள் கிடையாது. அந்தச் சனிக்கிழமைகளின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு இந்த ஜனவரியில் அரசாங்கத்துக்குத் தனியார் துறையில் இருக்கிற கெட்டிக்காரர்கள் வேண்டும் என்று ஆசை வந்தது. கில்பட்டைக் கூப்பிட்டார்கள். அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டிருந்தவனை யோசிக்கவிடாமல் செய்தது யார்? உங்கள் மனச்சாட்சியைக் கேட்டுப் பாருங்கள். "சம்மந்தி, லீசிங் கம்பனியில எவ்வளவு உயர்ந்தாலும் அது கம்பனிதான். கவுண்மேந்து உத்தியோகம் எண்டால் அது கவுண்மேந்து உத்தியோகம்தான். அதுவும் செக்கிரட்டரி! எங்கட சந்ததியில ஆர் இருந்தவை?" என்று எனக்கு மூன்று தரம் போன் எடுத்தீர்கள். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர் வேறெப்படிச் சொல்வார்! நானும் நாற்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தவன்தான், எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது, நானும் அவனிடம் ஓம் சொல் மகன் என்றேன். ஆகவே பிழையில் பாதி உங்களுடையது என்று எழுத நினைத்தேன். நியாயமாகப் பார்த்தால் கால்வாசிதான். எந்த அமைச்சு என்று ஊரார் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்ல வராது. பெயர் மூன்று வரி. நான் பாடமாக்குவதற்குள் இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள்.

சந்தியில் வாழ்த்துப் பதாகை கட்டினார்கள். கில்பட்டின் படம் ஒருத்தரிடமும் இல்லாததால் பக்கத்து ஊர் முந்தலில் அச்சடிக்கிறவன் கலியாணப் படத்தை எடுத்து உங்கள் மகளை வெட்டிவிட்டான். முழுக்க வெட்டவும் இல்லை, சுஜியின் கை மட்டும் வளையலோடு அவன் தோளில் இருந்தது. "செயலாளரைக் கைது செய்யிற மாதிரி இருக்குது" என்றாள் எமிலியா. நான் அன்றைக்குச் சிரித்தேன். இப்போது அந்தப் பதாகை இருக்கும் பக்கமே பார்க்காமல்தான் கடைக்குப் போய் வருகிறேன்.

முதலில் வந்தது ஆசியா உம்மா. நாலு கட்டை தூரம் வெயிலில் நடந்து வந்தா. மழை பெய்தால் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர், அது ஓடக் கான் வெட்டித் தரச்சொல்லி நாலு வருடமாக ஒரு கந்தோருக்கு அலைகிறாவாம். அது எந்தக் கந்தோர் என்று எழுத மாட்டேன். அடுத்தவர் விஷயத்தை வெளியில் சொல்லாமல் பென்சன் வரைக்கும் வந்தவன் நான். "இந்தக் கடதாசிய மவன்ட கையில குடுங்க மாஸ்டர். அல்லாஹ் உங்களுக்கு ஆயுசத் தருவான்" என்று நீட்டினா. நான் வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது? நாற்பத்தொரு வருடத்தில் என் முன்னால் நீட்டப்பட்ட ஒரு கடிதத்தையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. முத்திரை குறைந்தது, விலாசம் இல்லாதது, மீன் தண்ணீரில் ஊறியது, எல்லாம் வாங்கியிருக்கிறேன். வாங்குவதுதான் தபாலதிபரின் முதல் கடமை. வாங்கினால் பெற்றுக்கொண்டதற்குத் துண்டு கொடுக்க வேண்டும். துண்டு கொடுக்காமல் ஒரு மனுசியின் கடிதத்தை வாங்கி வைப்பது களவுக்குச் சமம். ஆகையால் காபன் தாள் வைத்த கொப்பியில், "மேற்படி மனு இன்று என்னால் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதி, இலக்கம் ஒன்று, திகதி, கையொப்பம், கீழே சீல்.

சீல் என்னுடைய சொந்தச் சீல். நான் இளைப்பாறிய அன்றைக்குக் கந்தோர்ப் பிள்ளைகள் அன்பளிப்பாகச் செய்து தந்தது. வட்டமாக, நடுவில் திகதி சுற்றுகிற மாதிரி, நல்ல வேலைப்பாடு. மேலே "ஓய்வுபெற்ற" என்று சின்னதாக இருக்கிறது, அதில் மட்டும் மை சரியாகப் பிடிப்பதில்லை. பிறகு மனுவை மேசையில் வைத்து அதன்மேல் தபால் நிறுக்கிற என் பழைய பித்தளைப் படிக்கல்லை வைத்தேன். எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். கல் வைக்காவிட்டால் ஒரு கடதாசியும் மேசையில் நிற்காது. கில்பட் அடுத்த சனிக்கிழமை வரும்போது கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன். இவ்வளவுதான் நான் செய்த குற்றம். பெற்றுக்கொண்டேன் என்றேன். செய்து தருகிறேன் என்று ஒரு எழுத்து எழுதவில்லை.

ஆசியா உம்மா அந்தத் துண்டைக் கொண்டுபோய் அந்தக் கந்தோரில் காட்டியிருக்கிறா. இந்தப் பேதுரு ஆர் என்று கேட்டிருக்கிறார்கள். செயலாளர்ட வாப்பா என்று சொல்லியிருக்கிறா. அடுத்த கிழமை மண்வெட்டும் இயந்திரம் வந்து கான் வெட்டியாயிற்று. நம் நாட்டில் சீல் இல்லாத கடதாசியை ஒருவரும் வாசிப்பதில்லை. சீல் அடித்த கடதாசியையும் வாசிப்பதில்லை, பார்த்தவுடன் எழும்பி நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்குத் தெரியவந்தபோது நான் திடுக்கிட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். எமிலியாவைக் கூப்பிட்டு, பார்த்தாயா என்றேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் முப்பது பேர்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நிலுக்சன் என்று ஆட்டோ ஓடுகிற பெடியன்; அவன் மனு என்ன என்றுகூட எனக்கு ஞாபகமில்லை; என் துண்டை ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டிவிட்டான், பொலிஸ் மறிப்பதில்லை. இப்போது பதினோரு ஆட்டோ அப்படி ஓடுகிறது. கற்பிட்டியில் ஒரு கடையில் என் துண்டை லமினேட் பண்ணிக் கொடுக்கிறார்களாம். அனுஷ்கா என்று கணக்குப் படிப்பிக்கிற பிள்ளை, சிலாபத்துக்கு மாற்றம் கேட்டு மனுத் தந்தது, துண்டு கொடுத்தேன், துண்டைக் காட்டி மாற்றம் எடுத்துவிட்டது. பிள்ளைகளின் தாய்தகப்பன் எல்லாரும் சேர்ந்து எங்கட ரீச்சரை அனுப்பாதீர்கள் என்று எதிர்மனு கொண்டுவந்தார்கள், அதையும் வாங்கினேன், அதற்கும் துண்டு, அதைக் காட்டி வேறொரு கந்தோரில் மாற்றத்தை நிற்பாட்டிவிட்டார்கள். இப்போது அந்தப் பிள்ளை சிலாபத்திலும் இல்லை இங்கேயும் இல்லை. காலையில் என் முற்றத்துக்கு வந்து எமிலியாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி எமிலியாவின் வலது கை தூக்க ஏலாமல் போய்விட்டது. உங்கள் எண்ணெயை இப்போது அவள் பூசுகிறாள்.

உயிர்த்த ஞாயிறுக்குக் கில்பட் வந்தான். ஜனவரிக்குப் பிறகு அப்போதுதான் வருகிறான். அரசாங்க ஜீப், முன்னால் ஒரு பாதுகாப்பு ஆள். ஜீப் எங்கள் ஒழுங்கை மணலில் புதைந்தது. அறுபது பேர் ஓடிவந்து தள்ளினார்கள், ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு மனு. ஒரு கையால் தள்ளினால் ஜீப் அசையுமா? இரண்டு மணித்தியாலம். அவன் வீட்டுக்குள் வந்து கையைக் கழுவிக்கொண்டு கதிரையில் இருந்தான், எமிலியா கணவாய்க் கறி போட்டாள், ஜன்னலில் நாலு முகம். அவன் ஒரு வாய்கூட வைக்கவில்லை. என்னை அறைக்குள் கூப்பிட்டான். "அப்பா, ஒருத்தர்கிட்டயும் ஒண்டும் வாங்காதீங்க. நல்லவிதமாச் சொல்லி அனுப்புங்க. யாருக்குச் செய்தாலும் முறைப்படிதான் செய்யவேணும்" என்றான். ஓம் மகன் என்றேன். அவன் சாய்ந்துகொண்டு நின்ற அலுமாரிக்குள் நூற்று எண்பத்தாறு மனு, இலக்க ஒழுங்கில், நூல் கட்டி இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவனுக்குச் செய்த முதலாவது துரோகம் அது சம்மந்தி. திங்கட்கிழமை காலையில் கைத்தடியோடு ஒரு மனுசன் வந்து ஒரு கடதாசியை நீட்டியபோது வாங்கினேனே, அது இரண்டாவது.

இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு. நாற்பத்தொரு வருடம் ஒரு கடிதத்தைக்கூட ஒரு நாள் பிந்திக் கொடுக்காதவனுடைய அலுமாரியில் போய்ச் சேராத கடிதம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிடக்கிறது. நித்திரை வருமா?

பெரிய இடி முந்தலில் விழுந்தது. நிரோஷன் என்று இறால் பண்ணை வைத்திருக்கிற ஆள். பண்ணைக்குக் களப்பு உப்புத் தண்ணீர் எடுக்க வாய்க்கால் வெட்ட அனுமதி கேட்டு பெப்ரவரியில் மனுத் தந்திருந்தார். துண்டு இலக்கம் நாற்பத்தேழு. நல்ல மனுசன், இரண்டு கிலோ இறால் கொண்டுவந்தார், இறாலைத் திருப்பி அனுப்பிவிட்டுத் துண்டைக் கொடுத்தேன். இறாலை வாங்கிக்கொண்டு துண்டைக் கொடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்! அவர் அந்தத் துண்டை லமினேட் பண்ணி ஒரு தடியில் கட்டி நட்டுவிட்டு ஒரே கிழமையில் வாய்க்காலை வெட்டிவிட்டார். கேட்க வந்தவர்கள் எல்லாம் தடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். போன மாதம் பக்கத்தில் இருக்கிற பதினொரு வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது. பதினொரு வீடும் சேர்ந்து முறைப்பாடு எழுதி என்னிடம் கொண்டுவந்தார்கள். என்னுடைய துண்டுக்கு எதிராக என்னிடமே முறைப்பாடு, அதற்கும் என் துண்டு, இலக்கம் முந்நூற்றொன்று. அவர்களில் சுல்பா என்று கைக்குழந்தையோடு வந்த பிள்ளை ஒரு போத்தல் தண்ணீரை மேசையில் வைத்தது. "குடிச்சுப் பாருங்க மாஸ்டர்" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. குடித்தேன். விழுங்க முடியவில்லை. துப்பவும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் மனம் வரவில்லை.

யாருடைய அனுமதியில் வெட்டினாய் என்று மேலிடத்தில் கேட்டபோது நிரோஷன் துண்டைத் தடியோடு பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். செயலாளரின் தகப்பன் அனுமதி கொடுக்கிறார் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. பதினெட்டாம் திகதி கில்பட்டுக்கு விசாரணை. போன ஞாயிற்றுக்கிழமை சுஜி போன் எடுத்தாள். "மாமா, நீங்கள் ஆருக்கும் ஏதாவது எழுதிக் குடுத்தனீங்களோ? அவர் ஒண்டும் சொல்லுறாரில்லை, சாப்பிடுறாருமில்லை" என்று கேட்டாள். லைன் சரியில்லை மகள் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

எமிலியா கொப்பிகளை எல்லாம் அடுப்பில் போடச் சொல்கிறாள். போட ஏலாது என்றேன். கடிதத்தை எரிக்கிற தபால்காரன் மனுசனா? "அப்ப உங்களுக்குப் பெத்த பிள்ளையைவிடத் துண்டுதான் பெரிசு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனவள்தான், மூன்று நாளாகக் கதையில்லை. முற்றத்தில் இருக்கிறவர்கள் மூலமாகத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. பதினெட்டுக்கு முன்னால் கில்பட் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினால், விலகின ஆளை விசாரித்து என்ன பயன் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கம்பனிக்காரருக்கு அவனைப் பிடிக்கும், திரும்ப எடுப்பார்கள். மாம்புரி ஆட்டோ எல்லாம் மறுபடியும் தென்னந்தோட்டத்துக்குள் போகும். எங்கள் வாங்கு காலியாகும். அவன் சனிக்கிழமை வருவான், ஐந்து மணி வரைக்கும் படுப்பான். நானே கொழும்புக்கு வந்து, நான்தான் எழுதினேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்ப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது சம்மந்தி. எழுபத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளைக்குப் பயந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். நீங்கள் கச்சேரிக்காரர், பக்குவமாகக் கதைக்கத் தெரிந்தவர், அவன் உங்கள் சொல்லைத் தட்டமாட்டான். என் பெயர் வராமல் சொல்லிவிடுங்கள்.

அன்னம்மாள் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். பிள்ளையார் இந்த ஒரு தடவை எங்கள் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு வேலை கூடத்தான், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். சம்மந்தியம்மாவுக்கு எமிலியாவின் அன்பு. அவள் சொல்லவில்லை, கதைத்திருந்தால் சொல்லியிருப்பாள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள சம்மந்தி,
வ. பேதுரு
ஓய்வுபெற்ற தபாலதிபர் (சீல் அடிக்கவில்லை, கவனிக்கவும்)

பி.கு.

வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. முந்தலுக்குப் போய் நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியது அத்தனையும் இரத்து. ஏழு பக்கத்தையும் கிழித்துவிடுங்கள். நானே கிழிக்கலாம், ஆனால் எழுதின கடிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

இன்றைக்குக் காலையில் முற்றத்தில் ஒரு ஆள் இல்லை. எமிலியா நாற்பது பேருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுப் பார்த்தபடி நிற்கிறாள். என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஊருக்கு நேற்றே ரீவியில் விளங்கியிருக்கிறது. பதினொரு மணியிருக்கும், ஒழுங்கை மணலில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கில்பட் நடந்து வருகிறான்.

"ஜீப் எங்க மகன்?"

"குடுத்திட்டன் அப்பா. சிலாபம் வரைக்கும் கோச்சியில வந்தன்."

பதினெட்டு வரைக்கும் அவன் காத்திருக்கவில்லையாம். நேற்று அவனாகவே விசாரணைக்காரர் முன்னால் போய் நின்றிருக்கிறான். அந்த நாற்பத்தேழாம் துண்டை மேசையில் வைத்து, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார்களாம். என் அப்பாவுடையது என்றானாம். உங்களுக்குத் தெரிந்தா கொடுத்தார் என்று கேட்டார்களாம். ஓம், நான் சொல்லித்தான் கொடுத்தார் என்றானாம். வாய்க்காலை மூடி அந்தப் பதினொரு வீட்டுக்கும் பௌசரில் தண்ணீர் அனுப்பச் சொல்லிக் கடைசியாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, இராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"பொய்!" என்று கத்தினேன். "நீ எனக்கு வாங்காதே எண்டுதானே சொன்ன! ஏன் அப்பிடிச் சொன்ன?"

"அப்பாவக் கூப்பிட்டு அங்க நிப்பாட்டி விசாரிப்பம் எண்டாங்க" என்றான். "அது எனக்கு ஏலாது."

எமிலியா குசினிக்குள் இருந்து வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கணவாய் போட்டாள். ஒரு றாத்தல் பாணையும் தின்றான். ஜன்னலில் ஒரு முகம் இல்லை. நான் ஆறு மாதமாகக் கேட்ட சனிக்கிழமை ஒரு நாள் முந்தி வந்திருக்கிறது, என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பதினொரு கிணற்றை ஒரே கையெழுத்தில் பார்த்துக்கொடுத்தவனை நான் மறுபடியும் லீசிங் கம்பனிக்கு அனுப்பச் சொல்லி ஏழு பக்கம் எழுதியிருக்கிறேனே, எனக்கு என்ன பிடித்திருந்தது?

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவன் பையில் இருந்து இராஜினாமாக் கடிதத்தின் பிரதியை எடுத்து என் மேசையில் வைத்தான். கொஞ்சம் சிரித்தான். "அப்பா, இதுக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்க. அங்க ஒருத்தரும் தரல்ல" என்றான்.

நான் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் சம்மந்தி. நாற்பத்தொரு வருடத்திலும் இந்த ஆறு மாதத்திலும் முதல் தடவையாக ஒரு கடிதத்தை வாங்க மாட்டேன் என்று சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நான் பயந்த மாதிரி இல்லை.

கச்சேரிக்காரரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: துண்டு கொடுக்காத கடிதம் போய்ச் சேராத கடிதம். அங்கேயும் துண்டு கொடுக்கவில்லை, இங்கேயும் கொடுக்கவில்லை. ஆகவே என் கணக்குக்கு அவன் இன்னும் செயலாளர்தான். கம்பனிக்காரரிடம் ஒரு சொல்லும் சொல்லிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலைக் கோச்சியில் நான் கொழும்புக் கோட்டைக்கு வருகிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மனுவும் காபன் கொப்பிகளும் சீலும் கொண்டுவருகிறேன், ஒரு அரிசிச் சாக்கு நிறைய இருக்கும், தூக்க நீங்கள் ஸ்டேசனுக்கு வரவேண்டும். நான்தான் எழுதினேன், மகனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு அவர்களிடம் துண்டு வாங்காமல் வெளியே வரமாட்டேன்.

கில்பட் இப்போது சாய்மனைக் கதிரையில் நித்திரை. அவன் வைத்த கடிதம் மேசையில், ஜன்னல் பக்கமாகக் கிடக்கிறது. படிக்கல்லை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.